'எப்படிப் போட்டாய்?' என்று கேட்கும் ஆராய்ச்சி

52 − 27 எவ்வளவு என்று கேட்டால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். பார்த்ததும் நம் வாயில் வருவது 'கவனமில்லை' என்பதுதான். அதே குழந்தைக்கு 81 − 36 கொடுத்துப் பாருங்கள், 55 என்று வரும். 63 − 48 கொடுத்தால் 25. கவனம் சிதறித் தப்புப் போடுகிறவர்களுக்கு விடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தப்பாகும், ஆனால் இங்கே மூன்று தப்பும் ஒரே மாதிரி இருக்கின்றன: எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலையே இல்லாமல். கடன் வாங்கும் தொல்லையும் இல்லை. 'பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்' என்று ஆரம்ப வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள், அது அன்றைக்கு உதவியும் இருக்கும். குழந்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்படி விடைக்குப் பின்னால் இருக்கும் யோசனையைத் தேடிப் போவது கணிதக் கல்வி ஆராய்ச்சி என்ற துறையின் பெரிய பகுதி. கணிதம் எப்படிச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை, கேட்டவர் தலைக்குள் அது என்னவாக மாறிப் போய் உட்கார்ந்தது என்பதையும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணிதம் கற்பிப்பது பற்றிப் பேச ஒரு சர்வதேச ஆணையம் 1908-லேயே ரோம் நகரில் உருவாகிவிட்டது, ஆனால் அப்போது பேச்செல்லாம் பெரும்பாலும் பாடத்திட்டம் பற்றித்தான். மாணவரின் சிந்தனையைப் பற்றிய ஆராய்ச்சி தனித் துறையாகச் சூடுபிடித்தது 1960-களின் கடைசியிலும் 70-களிலும். அதற்கென்று தனி ஆய்விதழ்கள் வந்தன, 1976-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் கணிதக் கல்வியின் உளவியலுக்கென்றே ஒரு சர்வதேசக் குழு தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் கழித்தலையே முடித்துவிடலாம். 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் தப்புகளைக் கணினி நிரல் போல எழுதிப் பார்த்தார்கள். சரியான கழித்தல் முறையை எழுதி, அதில் ஒரு சின்ன அடியை மட்டும் மாற்றினால் குழந்தை எழுதும் அதே தப்பு விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் யோசனை. பல சமயம் அப்படியே வந்தது. உதாரணத்துக்கு 140 − 21 = 121 என்று எழுதும் குழந்தை, மேலே பூஜ்யம் இருந்தால் மட்டும் கீழே இருப்பதை அப்படியே இறக்கி எழுதிவிடுகிறது, மற்ற இடங்களில் ஒழுங்காகக் கழிக்கிறது. 103 − 45 = 158 என்று எழுதும் குழந்தை பூஜ்யத்தை 9 ஆக மாற்றத் தெரிந்துவைத்திருக்கிறது, ஆனால் அந்த 9 பக்கத்து நூறிலிருந்து வந்தது என்பது தெரியாததால் நூறைக் குறைக்கவில்லை. இந்த இரண்டு குழந்தைகளுக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி தப்புக்குறி விழும், 'கழித்தலை இன்னும் இருபது போட்டுக் கொண்டு வா' என்ற ஒரே மருந்தும் கிடைக்கும், ஆனால் இருவருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு.

குழந்தை ஏன் இப்படி ஒரு விதியைக் கண்டுபிடிக்கிறது என்பதற்குப் பிரவுனும் கர்ட் வான்லேனும் அப்புறம் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஒரு வழிமுறையைப் பாதி கற்ற குழந்தை நடுவில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு 'தெரியவில்லை' என்று சொல்லலாம், ஆனால் வகுப்பில் அது அவ்வளவு சுலபமில்லை, அதனால் கையில் இருப்பதை வைத்து ஒரு ஒட்டுப் போட்டு மேலே போகிறது. அந்த ஒட்டு சில குழந்தைகளுக்கு நிலைத்துவிடும், சிலருக்கு நாளைக்கு வேறு ஒட்டாக மாறிவிடும். ஆக எல்லாத் தப்பும் கடிகாரம் மாதிரி ஒழுங்காக வரும் என்று நினைத்துவிட வேண்டாம். காரணமே இல்லாமல் வருவது குறைவு என்பதுதான் இதில் சேதி.

இதில் ஒரு விசித்திரம், பெரும்பாலான தப்பு விதிகள் ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. முழு எண்களில் இலக்கம் அதிகமாக இருந்தால் எண் பெரியது, 345 என்பது 87-ஐ விடப் பெரியது. தசமத்துக்கு வந்ததும் அதே பழக்கத்தில் 0.8-ஐ விட 0.45 பெரியது என்று குழந்தை சொல்கிறது, 8-ஐ விட 45 பெரியதுதானே. இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. பத்தில் ஒன்றை விட நூறில் ஒன்று சின்னது என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக்கூட எண் சிறியதாகிக்கொண்டே போகும் என்று முடிவுகட்டியிருப்பார்கள். அவர்களிடம் 0.8, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 0.8 என்று சரியாகச் சொல்வார்கள்! 0.3, 0.45 என்று மாற்றிக் கேட்டால்தான் குட்டு உடையும், அப்போதும் 0.3 பெரியது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் இப்படி ஜோடி ஜோடியாகக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, யார் எந்த யோசனையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கும் தேர்வுகளை உருவாக்கினார்கள். ஒற்றைக் கேள்வி கேட்டு 'தசமம் தெரியும்' என்று டிக் அடித்தால் ஏமாந்து போவோம்.

பெருக்கலிலும் இதே கதை. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்பது முழு எண்களோடு பல வருடம் பழகிப் பழகி எலும்பில் ஊறிப்போன நம்பிக்கை. ஒரு அலகின் விலையைச் சொல்லி 5 அலகின் விலை கேட்டால் பெருக்குவார்கள். அதே கணக்கில் 5-ஐ எடுத்துவிட்டு 0.22 என்று போட்டால் பலரும் வகுக்கப் போய்விடுவார்கள், ஏனென்றால் விடை குறைவாக வர வேண்டும் என்று தெரிகிறது, குறைப்பதற்கு அவர்களிடம் இருக்கும் கருவி வகுத்தல்தான். விடை குறையும் என்ற மதிப்பீடு சரி, அது நல்ல எண்ணுணர்வுதான், அதற்குமேல் எடுத்த அடிதான் தப்பு. ஃபிஷ்பைன், கிரீர், பெல் போன்ற ஆய்வாளர்கள் 1980-களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

சமக்குறியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 8 + 4 = □ + 5, கட்டத்துக்குள் என்ன வரும்? 1999-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதைக் கொடுத்தார்கள். 145 பேரும் 12 அல்லது 17 என்று எழுதினார்கள். 7 என்று ஒருவர்கூட எழுதவில்லை. பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், பெரிய பெரிய பெருக்கல் எல்லாம் போடுகிறவர்கள். அவர்களுக்கு = என்றால் 'இடப்பக்கம் இருப்பதைச் செய்து முடித்து விடையை இங்கே எழுது' என்ற கட்டளை. 12 என்றவர் 8 + 4-ஐச் செய்து எழுதிவிட்டார், 17 என்றவர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டார். இதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பல வருடமாகப் பாடப்புத்தகத்தில் அவர்கள் பார்த்த ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை, கால்குலேட்டரில் = பொத்தானை அழுத்தினாலும் விடைதான் வரும். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற அர்த்தம் தேவைப்படுகிற இடமே வரவில்லை. இயற்கணிதத்தில் 3x + 5 = 2x + 9 என்று வரும்போதுதான் அது திடீரென்று தேவைப்படும், அப்போது 'இந்தப் பையனுக்கு அல்ஜீப்ரா ஏறவில்லை' என்று சொல்லிவிடுவோம், சிக்கல் நாலு வருடத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தாலும்.

இதுவரை பார்த்தது பெரும்பாலும் தப்பான விடைக்குள் இருந்த நியாயம். இதன் மறுபக்கம் இன்னும் சங்கடமானது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒரே ஒரு பையனைப் பற்றியது.

1973-ல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் பென்னி என்ற பெயரில் ஒரு பையனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 12 வயது, ஆறாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து, தேர்வு எழுதி, 80 சதவீதம் வாங்கினால் அடுத்த பாடத்துக்குப் போகும் திட்டம் நடந்தது. பென்னி கடகடவென்று முன்னேறிக்கொண்டிருந்தான், ஆசிரியரின் கணக்கில் நல்ல மாணவர்களில் ஒருவன். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசியபோது வெளிவந்தது இதுதான்: 2/10-ஐத் தசமமாக மாற்றச் சொன்னால் 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவது அவன் முறை. அப்படியானால் 10/5-உம் 1.5 தானே என்றால், ஆமாம், அதுவும் 1.5 தான், அதில் அவனுக்கு எந்த நெருடலும் இல்லை. 0.3 + 0.4 எவ்வளவு? 0.07. புள்ளிக்குப் பின்னால் இங்கே ஒரு இலக்கம், அங்கே ஒரு இலக்கம், ஆக விடையில் இரண்டு இலக்கம். (பெருக்கலுக்கு உள்ள விதி கூட்டலுக்குள் நுழைந்துவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்கு அது தெரிய வழியே இல்லை.)

இப்படி ஒரு பையன் எப்படி 80 சதவீதம் வாங்கினான் என்பதுதான் அடுத்த கேள்வி. திருத்துவதற்கு வைத்திருந்த விடைத்தாளில் (சரியான விடைகள் உள்ள தாள்) என்ன இருக்கிறதோ அது வரும்வரை விதியை மாற்றி மாற்றிப் பார்ப்பான், வந்ததும் அந்த வகைக் கணக்குக்கு அந்த விதி என்று வைத்துக்கொள்வான். பின்னத்தில் மட்டும் நூறு வகை விதி இருக்கிறது என்று அவனே சொன்னான். இன்னொன்றும் நடந்தது: 1/2 என்று எழுத வேண்டிய இடத்தில் அதற்குச் சமமான வேறு வடிவத்தை எழுதினால் விடைத்தாளோடு பொருந்தாது, தப்பு என்று வரும். சரியான விடையையே தப்பு என்று சொல்கிற அந்த விடைத்தாளைப் பார்த்துப் பார்த்து, தன்னுடைய எல்லாத் தப்பும் இந்த ரகம்தான் என்று அவன் முடிவு செய்திருந்தான். கணிதம் என்றால் யாரோ ஒரு புத்திசாலி எப்போதோ உட்கார்ந்து எழுதிவைத்த விதிகள், நாம் அவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டும், அதில் ஏன் என்ற கேள்விக்கு இடமில்லை. அவன் முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுக்கப்பட்ட சூழலில், யாரும் பேசாத, தாளும் பேனாவும் மட்டும் இருந்த அந்தச் சூழலில், கிடைத்த தகவலை வைத்து ஒரு முழுத் தத்துவத்தையே கட்டியிருக்கிறான். எர்ல்வாங்கர் கேட்கும்வரை யாரும் அவனிடம் 'எப்படிப் போட்டாய்' என்று கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ரிச்சர்ட் ஸ்கெம்ப் என்ற ஆய்வாளர் புரிதலை இரண்டு வகையாகப் பிரித்துச் சொன்னார். எப்படிச் செய்வது என்று மட்டும் தெரிவது ஒன்று, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதும் சேர்ந்து தெரிவது இன்னொன்று. முதல் வகை உடனே மார்க் வாங்கித் தரும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார், அதனால்தான் அது இவ்வளவு பிரபலம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாணவர் ஒரு வகையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, ஆசிரியர் இன்னொரு வகையைக் கொடுக்க முயலும்போது. ஆசிரியர் அருமையாகக் காரணம் விளக்கிக்கொண்டிருப்பார், பின்வரிசையிலிருந்து 'சார், ஃபார்முலா மட்டும் சொல்லுங்க' என்று குரல் வரும்.

அடுத்தது கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும், அப்புறம் சிரிப்பு அடங்கிவிடும். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பிரான்சின் கிரனோபிள் நகரில் ஒரு ஆய்வுக் குழு இதைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டது. 76 பேர் கொடுத்த எண்களை வைத்து ஒரு வயதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இதே போன்ற இன்னொரு கணக்கில், 125 ஆடும் 5 நாயும் வைத்திருக்கும் மேய்ப்பரின் வயதைக் கேட்டபோது ஒரு குழந்தை யோசித்த விதத்தை குர்ட் ராய்சர் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்: 125-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 130, ரொம்ப அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம். வகுத்தால் 25, இது சரிவரும், அவருக்கு 25 வயது. ஒரு மனிதருக்கு எவ்வளவு வயது இருக்கலாம் என்ற உலக ஞானம் முழுசாக வேலை செய்கிறது, ஆடு எண்ணிக்கைக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

இது சின்னக் குழந்தைகளின் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரு தேர்வில் 13 வயதினரிடம் ஒரு கேள்வி வந்தது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் '31, மீதி 12' என்றே விடை எழுதினார்கள், 18 சதவீதம் 31 என்றார்கள், 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். மீதி 12 பேரை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று யோசித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

ஏன் இப்படி? பிரான்சின் கீ ப்ரூசோ இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார். வகுப்பறையில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் யாரும் எழுதாத, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார். கேட்கப்படும் கேள்விக்கு விடை உண்டு. விடைக்குத் தேவையான எண்கள் எல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கும், தேவையில்லாத எண் இருக்காது. இந்த வாரம் நடத்திய முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். விடை எழுதாமல் விடுவதுதான் பெரிய குற்றம். நூற்றுக்கணக்கான கணக்குகளில் இந்த ஒப்பந்தம் பொய்த்ததே இல்லை, அதனால் கப்பல் தலைவரின் வயதைக் கேட்டதும் குழந்தை ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறது. குழந்தை கணக்கைப் படிக்கவில்லை, கணக்கு கொடுத்தவரைப் படிக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் வகுப்பறைக்கு வெளியே அதே குழந்தை எப்படி? இதற்குப் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஒரு அழகான பதில் இருக்கிறது. அங்கே தெருவிலும் சந்தையிலும் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயது வரையிலான 5 பிள்ளைகளிடம், வாங்க வந்தவர்கள் மாதிரியே போய் ஆய்வாளர்கள் கணக்குக் கேட்டார்கள். டெரெசினா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரின் ஆய்வு, 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்தில் கேட்டபோது 98.2 சதவீதம் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் கொடுத்தார்கள். வாக்கியமாக எழுதிய கணக்குகளில் 73.7 சதவீதம் சரி, வெறும் எண்களாக எழுதிய கணக்குகளில் 36.8 சதவீதம் மட்டுமே.

தேங்காய் விற்ற 12 வயதுப் பையன் ஒருவனிடம் ஒன்று 35 குரூசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்) என்றால் 4 எவ்வளவு என்று கேட்டபோது, மூன்று தேங்காய் 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒன்று 35 ஆச்சே, அப்போ 140 என்று கூட்டிக்கொண்டே போய்ச் சரியாகச் சொன்னான். தாளில் 35 × 4 கொடுத்ததும் பள்ளி முறைக்குத் தாவினான்: நாலஞ்சு இருபது, கையில் 2, அந்த 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5, நாலஞ்சு இருபது. விடை 200. பெருக்கிவிட்டுக் கூட்ட வேண்டியதைக் கூட்டிவிட்டுப் பெருக்கியிருக்கிறான். 140 என்று வாயால் சொன்ன அதே பையன் 200 என்று எழுதிவிட்டு, இரண்டும் ஒரே கேள்வி என்று பார்க்கவில்லை. இந்த ஆய்வைக் காட்டி 'பள்ளிக்கூடமே தேவையில்லை, தெருவே போதும்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை, தெருக் கணக்கு பழகிய எண்களில் பிரமாதமாக ஓடும், பழகாத இடத்தில் எழுத்து முறையின் பலம் வேண்டும். இந்த ஆய்வு காட்டுவது, அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த பெருக்கலும் பள்ளியில் கற்ற பெருக்கலும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்பதைத்தான்.

பெரியவர்கள் இதிலெல்லாம் மாட்ட மாட்டார்கள் என்று நினைத்தால் இதை முயன்று பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கைக்கு 'மா', பேராசிரியர் எண்ணிக்கைக்கு 'பே' என்று வைத்துச் சமன்பாடு எழுதுங்கள். 1981-ல் ஜான் கிளமென்ட்டும் அவர் சகாக்களும் இதை முதலாண்டு பொறியியல் மாணவர்களிடம் கொடுத்தபோது 37 சதவீதம் பேர் தப்பாக எழுதினார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுதியது 6மா = பே. பத்துப் பேராசிரியர் என்று வைத்துப் பார்த்தாலே அது உடைந்துவிடும், 60 மாணவருக்கு 360 = 10 என்று வரும். அவர்களுக்கும் நிலைமை நன்றாகவே தெரியும், மாணவர்தான் அதிகம் என்பதில் குழப்பமில்லை. மனதில் ஆறு மாணவர்களுக்கு எதிரே ஒரு பேராசிரியர் என்று ஒரு படம் ஓடுகிறது, அந்தப் படத்தை அப்படியே எழுத்தில் வைத்தால் 6மா = பே என்றுதான் வரும். எழுத்து என்பது எண்ணிக்கையைக் குறிக்காமல் மாணவர் என்ற ஆளையே குறிக்கும் சுருக்கெழுத்தாகிவிடுகிறது. சமக்குறியும் இங்கே 'இதற்கு எதிரே இது' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான். கணக்கைக் கொடுத்து, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள், சரி தப்பு என்று முகத்தில்கூடக் காட்டாமல் 'அப்புறம்?', 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சுவிஸ் உளவியலாளர் பியாஜே குழந்தைகளோடு பேசிய முறையின் வாரிசு இது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஷோன்ஃபெல்ட் மாணவர்கள் கணக்குத் தீர்ப்பதை வீடியோ எடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்தார்கள் என்று வரைபடம் போட்டார். பாதிக்கும் மேற்பட்ட முயற்சிகளில் மாணவர்கள் கேள்வியை ஒரு தடவை படித்தார்கள், சட்டென்று ஒரு வழியைப் பிடித்தார்கள், நேரம் முடியும்வரை அதையே பிடித்துக்கொண்டு போனார்கள். அதே மாதிரி புதிய கணக்கு கொடுக்கப்பட்ட கணிதவியலாளர் ஒருவர் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைக் கணக்கு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதிலேயே செலவிட்டார், நடுநடுவே நின்று 'இது எங்காவது போய்ச் சேருமா' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கணக்குக்கு வேண்டிய வடிவியல், மாணவர்களுக்குப் புதிதாகப் படித்ததால் நன்றாகவே நினைவிருந்திருக்கும், நின்று யோசிக்கும் பழக்கம்தான் இல்லை.

சரி, இதிலிருந்து எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதா? சில விஷயங்களில் ஓரளவு. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-ல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் அதிகம் பழகாத நான்கு வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். ஒரு குழு ஒரு வடிவத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது, இன்னொரு குழுவுக்கு நான்கு வகைக் கணக்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழு 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை, தேர்வில் அதுதான் முதல் வேலை. பயிற்சித் தாளில் எல்லாம் சரியாக வருவதைப் பார்த்து ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள்.

வேறு சிலவற்றில் சண்டை இன்னும் ஓயவில்லை. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் கொஞ்சம் விஷயத்தைத்தான் தாங்கும், அதனால் முழுதாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளை முதலில் படிக்கக் கொடுங்கள் என்கிறது ஜான் ஸ்வெல்லரின் வழி. முதலில் தானாக முட்டி மோதித் தோற்கட்டும், அதன்பிறகு விளக்கினால் ஆழமாக இறங்கும் என்கிறது மனு கபூரின் வழி. இரண்டுக்கும் சோதனை ஆதாரம் இருக்கிறது. எந்தத் தலைப்பு, மாணவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்து மாறும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது, ஒரே வழிதான் என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

கடைசியாக ஒரு சோதனை, இதை ஏன் அதிகம் பேர் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். தாமஸ் கார்ப்பென்டர், எலிசபெத் ஃபென்னெமா குழு 1989-ல் வெளியிட்டது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேரில் பாதிப் பேருக்கு 4 வாரம் கோடைப் பயிற்சி. அங்கே அவர்களுக்குப் புதுப் பாடத்திட்டமோ, நாளைக்கு இதை நடத்துங்கள் என்ற குறிப்போ கொடுக்கவில்லை. குழந்தைகள் கூட்டல் கழித்தல் கணக்குகளைப் பற்றி எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். உதாரணத்துக்கு, 8 பந்து இருந்தது, 3 கொடுத்துவிட்டாள், எத்தனை மிச்சம் என்பதும், 3 பந்து இருக்கிறது, 8 ஆக இன்னும் எத்தனை வேண்டும் என்பதும் நமக்கு ஒரே 8 − 3 தான். ஆறு வயதுக் குழந்தைக்கு முதலாவது எடுத்துப் போடும் கணக்கு, இரண்டாவது சேர்த்துக்கொண்டே போகும் கணக்கு, விரலில் போடும்போது இரண்டையும் வேறு வேறாகத்தான் போடும். இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர்கள் வகுப்புக்குப் போய், மற்றவர்களை விடக் கணக்குகளை அதிகமாகக் கொடுத்தார்கள், குழந்தைகள் எப்படிப் போட்டார்கள் என்று அதிகமாகக் கேட்டார்கள். 7 + 5 = 12 மாதிரி மனப்பாடமாகத் தெரிய வேண்டியவற்றுக்கு மற்ற வகுப்புகளை விடக் குறைவான நேரமே செலவிட்டார்கள். வருடக் கடைசியில் பார்த்தபோது, அவர்களுடைய பிள்ளைகள் கணக்குத் தீர்ப்பதில் மட்டுமில்லாமல் குறைவாகப் பயிற்சி எடுத்த அந்த 7 + 5 வகையிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள்.